மலையின் முதுகு

கொக்குப்பாறையைத் திரும்பக் கட்டுவது என்று முடிவானபோது, முதல் படம் போட்டுக் கொடுத்தவர்கள் பொறியாளர்கள்தான். அவர்கள் போட்ட மலை கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி இருந்தது. சரியாது, மழைக்குக் கரையாது, நூறு வருஷம் நிற்கும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதன் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மேலூர் தாலுகா அலுவலகத்தில் காட்டியபோது, பட்டா மாற்ற வந்திருந்தவர்கள் வரிசையில் நின்றபடியே பார்த்துச் சிரித்தார்கள். இதற்கு அந்தக் குழியே தேவலை என்று ஒருவர் சொன்னது பத்திரிகை வரைக்கும் போய்விட்டது.

குழி என்றால் சாதாரணக் குழி இல்லை. முப்பது வருஷம் கிரானைட் வெட்டி எடுத்ததில் மலை போய், மலை நின்ற இடத்தில் அறுபது மீட்டர் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர் கிடந்தது. வழக்கு வருஷக் கணக்கில் நடந்தது. குழியை மூடினால் மட்டும் போதாது, இருந்த மலையைத் திருப்பித் தர வேண்டும் என்று கடைசியில் தீர்ப்பு வந்தது. அதைச் செய்யக்கூடிய இயந்திரமும் அதற்குள் வந்துவிட்டிருந்தது. அச்சு வண்டி என்று அதற்குப் பேர். காகிதத்தில் மை இறங்குவது போல, குவாரிக் கழிவான கல்தூளையும் செம்மண்ணையும் ஒருவகை நுண்ணுயிரோடு குழைத்து, ஒரு சாண் கனத்துக்கு வரிவரியாக இறக்கிக்கொண்டே போகும். மூன்று நாளில் அது கல்லாக இறுகிவிடும். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் நிலத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடும். கொடுப்பதற்கு நல்ல படம்தான் இல்லை.

நில மீட்பு வாரியத்தின் இயக்குநர் கோதண்டபாணி, கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு ஒரு மருத்துவமனையில் காத்திருந்தபோது சுவரில் ஒரு மலைப் படத்தைப் பார்த்தார். மருந்தின் மங்கலிலும் அந்த மலையின் மேல் கை வைத்தால் சுடும் போல இருந்ததாம். கிட்டே போய்ப் பார்த்தபோது ஓரத்தில் மங்கையர்க்கரசி என்று சின்னதாக எழுதியிருந்தது. மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார்.

அரசிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கோச்சடையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். பன்னிரண்டு வருஷமாக டேப்லெட்டில் இயற்கைக் காட்சி வரைந்து, கேன்வாஸ் துணியில் பிரிண்ட் போட்டு, மருத்துவமனைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து லட்சம் பேராவது டோக்கன் நம்பருக்காகக் காத்திருந்திருப்பார்கள். வரைந்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. மலை ஒன்றை வரைந்து தர வேண்டும், அதை நாங்கள் நிஜமாகவே நிறுத்திவிடுவோம் என்று வாரியத்து ஆள் சொன்னபோது, அவளுக்குச் சந்தோஷத்தைவிட முதலில் பயம்தான் வந்தது.

நான்கு மாதம் வரைந்தாள். வாரியம் அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தது. காரைக்குடி போகும் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் ஒரு பார்வை மேடை கட்டப்போகிறார்கள். அந்த மேடையில் நிற்கிறவர் கண்ணுக்கு மலை எப்படித் தெரிய வேண்டுமோ, அப்படி வரைந்தால் போதும். வெளிச்சத்தையும் நிழலையும் வைத்து மேடு எது, பள்ளம் எது என்று மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளும். நிழலைக் கொஞ்சம் அழுத்தினால் அங்கே ஒரு குகை விழும். பிரஷைக் கொஞ்சம் இழுத்தால் ஒரு பாறை முன்னே நீளும். இது பழக அரசிக்கு ஒரு மாதம் ஆயிற்று. பழகிய பிறகு சாப்பாட்டு நினைப்பே இல்லாமல் வரைந்தாள்.

மலையின் உச்சியில் ஒரு கோடு இருந்தது. டேப்லெட்டில் இருக்கும் காய்ந்த பிரஷால் ஒரே இழுப்பில் போட்டது. கீழே தோளில் ஆரம்பித்து, மெலிந்து மேலே போய், முனையில் லேசாக வளைந்து நின்றது. போட்டதும் திரும்ப எடுத்துவிடலாம் என்றுதான் விரலைக் கொண்டுபோனாள். எடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் தன் கை போட்ட கோடுகளிலேயே அதுதான் நல்ல கோடு என்று அவளுக்குத் தோன்றியது. பிற்பாடு சனங்கள் அதற்குக் கொக்குக் கழுத்து என்று பேர் வைத்தார்கள்.

அச்சு வண்டி பதினான்கு மாதம் ஓடியது. அரசி மாதம் ஒருமுறை போய் மேடையில் நின்று பார்ப்பாள். வண்டியை நடத்தியவன் சிக்கந்தர் என்ற இளம் பொறியாளர். நிழலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்து, இந்த வாரம் இத்தனை மீட்டர் ஏறியிருக்கிறது மேடம் என்று சொல்லிவிட்டுப் போவான். தன் பிரஷின் ரோமம் பிரிந்து விழுந்த கீறல் ஒன்று, முப்பது ஆள் உயரத்துக்குப் பாறை வெடிப்பாக நிற்பதை முதல் தடவை பார்த்த அன்றைக்கு அவள் அந்தி வரைக்கும் மேடையை விட்டு இறங்கவில்லை. விதைகளும் மண்ணோடு சேர்ந்தே அச்சாகியிருந்ததால் மழை விழுந்ததும் புல் முளைத்தது. திறப்பு விழாவில் அமைச்சர் வந்து பார்த்து, இது மனுஷன் கட்டிய மலை என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டேன் என்றார். அரசியின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த ஓவியத்தையே சின்ன அளவில் கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். இன்னும் நாலு குவாரிகளுக்கும் அவளே வரைய வேண்டும் என்று கோதண்டபாணி விழா மேடையிலேயே சொல்லிவிட்டார்.

விழா முடிந்து மூன்று வாரம் கழித்து, ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் அரசியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் சுருட்டிய துணி ஒன்று இருந்தது. பேர் ராக்காயி என்றும், சுனையம்பட்டி என்றும், ஊராட்சியில் தண்ணித் தொட்டி ஆபரேட்டர் வேலை என்றும் சொன்னாள். தண்ணீர் கொடுத்ததும் வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பை ஓரமாக வைத்துவிட்டு, துணியை மேசை மேல் விரித்தாள். அரசி வரைந்த மலைதான்.

"இந்தப் படத்த எங்க ஊருல வீட்டுக்கு ஒண்ணு குடுத்தாங்க. நீங்க வரைஞ்சதாமே."

அரசி ஆமாம் என்றாள். கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு பேனாவைத் தேடினாள். அதற்குள் ராக்காயி படத்தை அப்படியே புரட்டிக் குப்புறப் போட்டாள். பின்பக்கம் வெறும் வெள்ளைத் துணி. மூலையில் பிரிண்ட் போட்ட கடையின் முத்திரை மட்டும் இருந்தது. ராக்காயி அந்த வெள்ளையின் நடுவில் விரலை வைத்தாள்.

"எங்க ஊரு இங்கன இருக்கு தாயி. இந்தப் பக்கம் என்ன வரைஞ்சிருக்கீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

அரசிக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

ராக்காயி குறை சொல்கிற தொனியில் எதையும் சொல்லவில்லை. தொட்டியில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் சொல்வது போலத்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊருக்குக் கிழக்கே மலை செங்குத்தாக நிற்கிறது. வெயில் வீட்டு வாசலுக்கு வர ஒன்பதரை மணி ஆகிறது. நெல் அவித்துக் காயப்போட முடியவில்லை. அது போகட்டும். ஆடியில் ஒரு மழை பெய்தது, பெரிய மழைகூட இல்லை. தகரக் கூரையில் விழுகிற தண்ணீர் மாதிரி மலையிலிருந்து அப்படியே வழுக்கிக்கொண்டு தெற்குத் தெருவுக்குள் வந்துவிட்டது. இரண்டு வீட்டுச் சுவர் சரிந்தது, ஆட்டுக் கொட்டில் ஒன்று போனது. ஐப்பசி மழை வந்தால் என்ன ஆகும் என்று ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. மூன்று தடவை மனுக் கொடுத்தாயிற்று. முதல் இரண்டு தடவையும் வேலை இன்னும் முடியவில்லை என்றார்கள். மூன்றாவது தடவை வேலை முடிந்துவிட்டது என்றார்கள்.

ராக்காயியைச் சாப்பிடச் சொல்லி உட்காரவைத்துவிட்டு, அரசி உள்ளே போய் சிக்கந்தருக்குப் போன் போட்டாள்.

"படத்துல தெரியாத பக்கத்துக்கு என்ன செய்வீங்க, சிக்கந்தர்?"

"நாங்க எதுவும் செய்யறதில்ல மேடம். சாப்ட்வேரே முடிவு பண்ணிக்கும். அதுக்கு ரெண்டே விதிதான். முன்பக்கம் சாயாம நிக்கணும், பொருள் கம்மியாப் பிடிக்கணும். அப்படிப் பாத்தா பின்னாடி செங்குத்தா ஒரு சுவர் மாதிரி ஏத்திடறதுதான் அதுக்குச் சுலபம்."

"அந்தப் பக்கம் ஊர் இருக்கே."

"படத்துல ஊர் இல்லையே மேடம்."

பிறகு சிக்கந்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க பின்பக்கத்தையும் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

அவள் கையெழுத்துப் போட்டது பார்வை மேடையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான். முடிந்த மலைக்கான ஒப்புதல் பத்திரம் பதினேழு பக்கம் இருந்தது. எதிரே காலை வெயிலில் மலை தகதகவென்று நின்றது. கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மேலூரில் இறங்கி சுனையம்பட்டிக்குப் பஸ் பிடித்தாள். மேடையிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம் வானம் மட்டும்தான் என்று நினைக்கத் தோன்றும். ஊர் அங்கே நூற்றுப்பத்து வீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும் டீக்கடையுமாக, சுவருக்கு எண்பது மீட்டர் தள்ளி இருந்தது. சுவர் என்றுதான் சொல்ல வேண்டும். இடியாப்பம் பிழிந்து அடுக்கியது போல ஒரு சாண் வரிகள் ஒன்றன் மேல் ஒன்றாக உச்சி வரைக்கும் சாம்பல் நிறத்தில் போயின. ஒரு புல் இல்லை. பின்பக்கத்துக்கு விதை எதற்கு என்று மென்பொருள் மிச்சப்படுத்தியிருந்தது. யாரோ ஆட்டைக் கூப்பிட்டார்கள். அந்தக் குரல் சுவரில் பட்டு இரண்டாவது தடவையும் கேட்டது. கோயில் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது என்று ராக்காயி சொன்னாள். ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை கேட்டால் சாமிக்கே தலைவலி வந்துவிடும் என்று பூசாரி சொல்லிவிட்டாராம்.

டீக்கடையில் இவள்தான் மலை வரைந்தவள் என்று தெரிந்ததும் கொஞ்சம் பேர் கூடினார்கள். அரசி திட்டு வாங்கத் தயாராக நின்றாள். யாரும் திட்டவில்லை. பெரியவர் ஒருவர், முன்பக்கம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், நாங்கள் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் பத்துக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றார். குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அதுதான் அரசிக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கோதண்டபாணி கெட்ட மனிதர் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பின்பக்கத்தின் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குள் ஓவியர் திருத்தம் செய்யலாம் என்று விதி இருப்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். ஆனால் திருத்தம் என்றால் ஒரு புதர், ஒரு பாறை. ஒரு மலையின் பின்பக்கம் முழுவதையும் திருத்தம் என்று எழுத முடியுமா என்று கேட்டார். அதைவிடப் பெரிய சிக்கல், பொருள் இல்லை. குவாரிக் கழிவு மொத்தமும் மலைக்குள் போய்விட்டது. இன்னொரு இடத்திலிருந்து கொண்டுவருவதென்றால் அனுமதி வாங்கவே அடுத்த மழைக்காலம் வந்துவிடும்.

"எங்கேருந்து எடுக்கறதும்மா?" என்று கேட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிக்கந்தர்தான் பதில் சொன்னான். அச்சு வண்டிக்கு வழித்தெடுக்கிற கையும் உண்டு. முன்பக்கத்திலிருந்து எடுத்துப் பின்பக்கம் போடலாம். சுவரைச் சரிவாக்கி, தண்ணீர் வடிய வழி வெட்டுவதற்கு எவ்வளவு தேவை என்று அவன் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தான். உச்சியும் தோளும் போனால் சரியாக இருக்கும். அவன் அரசியின் முகத்தைப் பார்க்காமல், கொக்குக் கழுத்து இருக்கிற பகுதி மேடம் என்றான்.

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் எழுதிக் கொடுத்தால் தடுக்க மாட்டேன் என்றார். ஆனால் அந்தக் கழுத்தைப் பார்க்கத்தான் அமைச்சர் வந்தார், அதை வைத்துத்தான் மற்ற நாலு மலையும் என்றார்.

மூன்று நாள் அரசி டேப்லெட்டைத் திறக்கவில்லை. துணி துவைத்தாள், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். வேறு வழி இருக்காதா என்று யோசித்துப் பார்த்தாள். சுவருக்குக் கீழே பெரிய வாய்க்கால் ஒன்று வெட்டினால் போதாதா என்று சிக்கந்தரிடம் கேட்டாள். எண்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீருக்கு வாய்க்கால் கால் நாள் தாங்கும் என்றான் அவன். தன் வேலையில் எதையுமே அவள் இதுவரை நிஜமாக அழித்ததில்லை. அழித்தால் அடுத்த நிமிஷமே திரும்பக் கொண்டுவந்துவிடலாம். லேயரை மறைத்து வைக்கலாம், பழைய பிரதியைத் திறந்துகொள்ளலாம். இங்கே வழித்த பாறை வழித்ததுதான். நுண்ணுயிர் ஒரு தடவைதான் இறுகும், உடைத்துப் போட்டால் வெறும் கல். அந்தக் கழுத்தைத் தன்னால் மறுபடி வரைய முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தக் காலை நேரம், அந்தக் கை, அந்தக் காய்ந்த பிரஷ் எல்லாம் சேர்ந்து ஒரு தடவை வந்தது.

நாலாவது நாள் மத்தியானம் மேற்கே மேகம் கறுத்தது. தூறல்கூட விழவில்லை, கலைந்துவிட்டது. ஆனால் மேகத்தைப் பார்த்ததும் சுனையம்பட்டியில் இந்நேரம் எத்தனை பேர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டது. பையில் டேப்லெட்டையும் இரண்டு புடவையையும் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ராக்காயி வீட்டில் பதினாறு நாள் இருந்தாள். படம் வரையப் பழகிய நாளிலிருந்து அரசி முதலில் கேட்டுக்கொள்கிற கேள்வி, எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான். சுனையம்பட்டியில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. வடக்குத் தெருக்காரர் கண்ணுக்கு ஒரு மலை, பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு மலை, கண்மாய்க் கரையில் வேறொரு மலை. முதல் இரண்டு நாள் ஒரு நல்ல இடம் தேடி அலைந்தாள். பிறகு விட்டுவிட்டு, வீடு வீடாக வாசலில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். பதினோரு வாசலில் பதினோரு படம். ஒரே மலைக்கு ஒரே பார்வைதான் கொடுக்க முடியும் என்று மென்பொருள் அடம்பிடித்தது. சிக்கந்தர் இரண்டு நாள் அதனோடு மல்லுக்கட்டி, பதினொன்றையும் ஒன்றாகக் கோத்துக்கொள்கிற மாதிரி அதை மாற்றிவைத்தான்.

ராக்காயி காலையில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு வந்து, அரசி பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொள்வாள். படம் என்பது அவளுக்கு முக்கியமில்லை. பேனா போகிற பாதையில் தண்ணீர் எப்படிப் போகும் என்று மட்டும் பார்ப்பாள்.

"நேரா விட்டீங்கன்னா வீட்டுக்குத்தான் வரும்" என்றாள் ஒருநாள். "குழாயிலயும் அப்படித்தான், நேரா வந்தா வேகம் அடங்காது. ரெண்டு எடத்துல மடக்கி விடுங்க. தானா களைச்சுப் போயி கண்மாய்க்கு நடந்துரும்."

அரசி மடக்கினாள். மலையின் முதுகில் இரண்டு பெரிய மடிப்புகள் வந்தன. ஒரு மடிப்பின் ஓரத்தில் தன்னையறியாமல் நாலைந்து பாறைகளைக் கூட்டமாக வரைந்துவிட்டாள். இது எதற்கு என்று ராக்காயி கேட்டாள். சும்மா, பார்க்க நன்றாக இருக்குமே என்று அரசி கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். ராக்காயி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். இருக்கட்டும், ஆனால் பத்தடி தள்ளிப் போடுங்கள், ஆடு ஏறுகிற வழி அது என்றாள்.

திருத்தத்துக்குக் கையெழுத்துப் போடும்போது இந்தத் தடவை எல்லாப் பக்கத்தையும் படித்தாள்.

கழுத்தை வழித்தெடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. முதல் நாள் மட்டும் அரசி பார்வை மேடைக்குப் போனாள். வளைந்த முனையில்தான் வண்டி ஆரம்பித்தது. ஏற்றிய வரிசைக்குத் தலைகீழாக, ஒவ்வொரு சாணாக இறங்கிக்கொண்டே வந்தது. செல்ஃபி எடுக்க வந்தவர்கள் என்ன ஆயிற்று, பழுதா என்று கேட்டுக்கொண்டார்கள். சிக்கந்தர் நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவள் உட்காரவில்லை. மத்தியானம் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, அழுகை வரும் என்று எதிர்பார்த்து, வராததால் பசிக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வந்தது.

பின்பக்கச் சரிவு முடிந்து ஒரு வாரத்தில், ஐப்பசி பதினெட்டாம் தேதி பகல் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. அரசி முந்தின நாளே சுனையம்பட்டிக்கு வந்துவிட்டிருந்தாள். தெற்குத் தெரு ஆட்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மழைச் சத்தத்தில் பேச முடியவில்லை. மலை மொத்தமாக மறைந்து, முக்கால் மணி நேரம் வெள்ளையாக ஒரு திரைதான் தெரிந்தது. ராக்காயி சாக்கு ஒன்றைத் தலைக்கு மேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வெளியே போனாள். போனவள் வெகு நேரம் வரவில்லை. அரசி பள்ளிக்கூடத்துத் தூணில் சாய்ந்து நின்று, பதினோரு படத்தையும் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்காவது ஒரு நிழலைத் தப்பாகப் போட்டிருந்தால் தண்ணீர் அந்த வழியாக வரும்.

ராக்காயி நனைந்த கோழி மாதிரி திரும்பி வந்தாள். சாக்கை உதறித் தூண் ஓரம் போட்டாள்.

"கண்மாய்க்குப் போயிருச்சு" என்றாள்.

அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் யாரோ அடுப்பு மூட்டி டீ போட ஆரம்பித்தார்கள்.

முழுக்க நன்றாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இரண்டாவது மடிப்பின் தென்முனை அந்த மழையிலேயே அரித்துக்கொண்டு, பெரியகருப்பன் என்பவரின் வயலில் முழங்கால் உயரத்துக்குக் கல்தூளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டது. அரசி அந்த இடத்தைக் கண்மாய்க் கரையிலிருந்து மட்டும் பார்த்து வரைந்திருந்தாள், வயல் பக்கம் போகவில்லை. பெரியகருப்பன் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. வயலைச் சுத்தம் பண்ண ஊரே இறங்கியபோது அவளும் கூடை எடுத்தாள். அதன் பிறகு பேசினார்.

மலையின் முன்பக்கம் இப்போது சாதாரணமாக இருந்தது. உச்சி மழுங்கி, தோள் இறங்கி, கண் நிற்க இடமில்லாத ஒரு மலை. பஸ்ஸில் போகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி போனுக்குத் திரும்பிவிடுவார்கள். கொக்குப்பாறையின் அழகு சிதைந்தது என்று ஒரு பத்திரிகை எழுதியது. மற்ற நாலு குவாரிகளைப் பற்றி வாரியத்திலிருந்து அவளுக்குத் தகவல் எதுவும் வரவில்லை. கார்த்திகையில் சென்னையிலிருந்து ஓர் ஓவியர் போனில் கூப்பிட்டார். அந்த வேலை அவருக்குப் போயிருந்தது. பாறை வெடிப்புக்கு எந்த பிரஷ் பயன்படுத்தினீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். அரசி ஒளிக்காமல் சொன்னாள். பிறகு, வரைவதற்கு முன்னால் அந்த இடத்தை ஒருமுறை நடந்தே சுற்றி வந்துவிடுங்கள், ஊர்கள் இருக்கும் என்றாள். அவர் கட்டாயம் செய்ய வேண்டியதுதான், ஆனால் தை மாதத்துக்குள் படம் கேட்கிறார்கள் என்றார்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அரசி சுனையம்பட்டிக்கு வந்திருந்தபோது, ரோட்டுப் பக்கம் என்னவோ பெரிதாக வைத்திருக்கிறார்களாம், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று ராக்காயி கூப்பிட்டாள். இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்துச் சுற்றிக்கொண்டு பார்வை மேடைக்குப் போனார்கள்.

மேடைக்கு முன்னால் இரும்புச் சட்டம் அடித்து நாற்பதடி அகலத்துக்கு ஒரு ஃபிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அரசி முதலில் வரைந்த படம். கழுத்து, தோள், காலை வெயில், எல்லாம் இருந்தது. பச்சை ஒரு சுற்றுத் தூக்கலாக இருந்ததே தவிர, நல்ல பிரிண்ட்தான். படத்தின் உரிமை வாரியத்துடையது என்பதால் அவளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. படத்துக்கு மேலே, கொஞ்சம் தூரத்தில், நிஜ மலையின் உச்சி தெரிந்தது. நாலைந்து கார்கள் நின்றன. ஒவ்வொரு குடும்பமாக ஃபிளக்ஸுக்கு முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அரசிக்குக் கோபம் வருமா என்று ராக்காயி ஓரக்கண்ணால் பார்த்தாள். அரசி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் போட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

போட்டோ எடுத்து முடித்த ஒருவர், மனைவியைக் காரில் ஏறச் சொல்லிவிட்டு, இவர்களைப் பார்த்து இந்தப் பக்கத்து ஆட்கள்தானே என்று கேட்டபடி வந்தார்.

"இந்த மலை எங்கங்க இருக்கு?"

அரசி கையை உயர்த்தி, ஃபிளக்ஸுக்கு மேலே காட்டினாள். "அதுதாங்க."

அவர் நிமிர்ந்து அந்த மலையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி மலையைப் பார்த்தார். விஷயம் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்கிற பொறுமையோடு, "இல்லங்க, அது வேற ஏதோ மலை. நான் கேக்கறது இந்தப் படத்துல இருக்கிற மலைய" என்றார்.

அரசி வாயைத் திறந்தாள். அதற்குள் ராக்காயி முந்திக்கொண்டாள்.

"அதுங்களா? இப்படியே நேராப் போங்க. காரைக்குடி தாண்டிப் போகணும்."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கார் நான்குவழிச் சாலையில் ஏறிக் கிழக்கே போய்ப் புள்ளியாகிற வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"காரைக்குடி தாண்டி என்னக்கா இருக்கு?" என்று அரசி கேட்டாள்.

ராக்காயி ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டே யோசித்தாள்.

"கொஞ்ச தூரம் ஊரு இருக்கும். அப்புறம் கடல்தான்."